மினி சூறாவளி, பெரிய சூறாவளியின் குட்டி அல்ல

திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "போன கிழமை பின்னேரம் எங்கள் பக்கம் மினி சூறாவளி அடித்து ஏழெட்டு வீட்டுக் கூரை போய்விட்டது. பத்து நிமிடம்கூட இல்லை. அடுத்த ஒழுங்கையில் ஒரு வாழைகூடச் சாயவில்லை. அமெரிக்காவில் டொர்னாடோ, ஹரிக்கேன் என்று இரண்டு சொல்கிறார்களே, அவை ஒன்றா வேறா? எங்களுக்கு வந்தது எது? பெரிய சூறாவளி தேய்ந்து மினி சூறாவளி ஆகுமா?"

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பெரிய சூறாவளி தேய்ந்து மினி சூறாவளி ஆகாது. மினி சூறாவளி வளர்ந்து பெரிய சூறாவளியும் ஆகாது. பூனை எவ்வளவு வளர்ந்தாலும் புலி ஆகாதல்லவா, அதைப் போல. முப்பது வருடம் புவியியல் படிப்பித்ததில் மாணவர்கள் என்னிடம் அதிகம் தடுமாறிய இடங்களில் இதுவும் ஒன்று. பிள்ளைகளில் பிழை இல்லை. எங்கள் சொல்லில்தான் பிழை.

இலங்கையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் தமிழ் அறிவித்தலில் சூறாவளி என்று வந்தால், கடலில் உருவாகி நூற்றுக்கணக்கான கி.மீ. பரந்து வருவதைத்தான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் புயல். அங்கே 'சூறாவளிக் காற்று' என்பது கடுமையாக அடிக்கும் எந்தக் காற்றுக்கும் பொருந்தும். இரு கரைச் செய்தியையும் கைத்தொலைபேசியில் வாசிக்கிறவர்கள் நாங்கள். குழம்பாமல் என்ன செய்வோம்? இதற்கு மேல், பத்து நிமிடம் அடித்து ஓயும் எல்லாக் காற்றுக்கும் எங்கள் பத்திரிகைகள் 'மினி சூறாவளி' என்று தலைப்புப் போடுகின்றன. அந்த 'மினி' என்ற ஒட்டு, இது அதன் சிறிய வடிவம் என்ற எண்ணத்தை மனதில் பதித்துவிடுகிறது.

ஹரிக்கேன் என்பது எங்களுடைய சூறாவளியேதான். அத்திலாந்திக்கிலும் பசிபிக்கின் வடகிழக்கிலும் ஹரிக்கேன், பசிபிக்கின் வடமேற்கில் டைபூன், இந்து சமுத்திரத்தில் சைக்கிளோன். ஆள் ஒன்று, ஊருக்கு ஊர் பெயர் வேறு. சைக்கிளோன் என்ற சொல் பிறந்ததே எங்கள் வங்காள விரிகுடாவை வைத்துத்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், விரிகுடாவில் கப்பல்கள் அகப்பட்ட புயல்களை ஆராய்ந்துவிட்டு, பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார். டொர்னாடோவுக்கு, அதாவது இடிமேகத்திலிருந்து நிலத்துக்கு இறங்கிச் சுழலும் காற்றுக்கு, எங்களிடம் நிலைத்த சொல் இல்லை. சுழல்காற்று என்று சிலர் எழுதுகிறார்கள். நான் இங்கே டொர்னாடோ என்றே எழுதுகிறேன்.

சூறாவளிக்கும் டொர்னாடோவுக்கும் ஒற்றுமை எங்கே இருக்கிறது? இரண்டிலும் நடுவில் அமுக்கம் குறைவு. சுற்றியுள்ள காற்று அதை நோக்கி ஓடுகிறது. நேராகப் போய்ச் சேராமல் சுழன்று போகிறது. சுழலும் நாற்காலியில் இரு கையையும் நீட்டிக்கொண்டு இருந்து, சுற்றிவிட்ட பிறகு கையை மடக்கிப் பாருங்கள், வேகம் கூடும். உள்ளே ஒடுங்க ஒடுங்கக் காற்றின் வேகம் கூடுவதும் அதே விதியால்தான். இரண்டுக்கும் அடிப்படைத் தீனி சூடான ஈரக் காற்று. பிட்டு அவிக்கும்போது ஆவி கையில் பட்டால் கொதிதண்ணீர் பட்டதைவிடக் கூடுதலாகச் சுடும். தண்ணீர் ஆவியாகும்போது உள்வாங்கிய வெப்பத்தை, திரும்பத் தண்ணீராகும் நேரத்தில் உங்கள் தோலில் இறக்கிவிடுகிறது. அது சின்ன வெப்பம் இல்லை. பனிக்கட்டிக் குளிரில் இருக்கும் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாவதைப் போல ஐந்து மடங்குக்கு மேல், அந்தக் கொதிதண்ணீரை முழுதாக ஆவியாக்கச் செலவாகும். கடலிலிருந்து ஏறிய ஆவி மேலே மேகமாகக் குளிரும்போது அந்த வெப்பம் அத்தனையும் காற்றுக்குக் கிடைக்கிறது. சூறாவளியும் அதைத்தான் சாப்பிடுகிறது, டொர்னாடோவைப் பெற்றுப்போடும் இடிமேகமும் அதைத்தான் சாப்பிடுகிறது.

ஒற்றுமை இவ்வளவுதான்.

அளவைப் பாருங்கள். சூறாவளியின் குறுக்களவு சாதாரணமாகச் சில நூறு கி.மீ. 1979 ஒக்டோபரில் பசிபிக்கில் வந்த 'டிப்' என்ற டைபூன் 2,220 கி.மீ. அகலம். டொர்னாடோவோ பெரும்பாலும் சில பத்து மீற்றரிலிருந்து சில நூறு மீற்றர் வரைதான். அளந்தவற்றில் மிக அகலமானது 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவில் எல் ரீனோ என்ற ஊரருகே வந்தது, 4.2 கி.மீ. உலகத்தின் ஆக அகலமான டொர்னாடோவை எங்கள் திருகோணமலைக் கொட்டியாரக் குடாவுக்குள் இறக்கினாலும் குடா நிறையாது. சூறாவளி வந்தால் இலங்கை முழுவதுமே அதன் மேகத்துக்குக் கீழே போய்விடும்.

நேரமும் அப்படித்தான். சூறாவளி நாட்கணக்கில் வாழும். 2023இல் தென் இந்து சமுத்திரத்தில் பிறந்த 'பிரெடி' ஐந்து கிழமைக்கு மேல் அலைந்து மடகஸ்கரையும், இரண்டு தடவை மொசாம்பிக்கையும் அடித்தது. டொர்னாடோ பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விதிவிலக்கும் உண்டு. 1925 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் மூன்று மாநிலங்களைக் கடந்த ஒன்று மூன்றரை மணி நேரம் நிலத்தில் ஓடி, சுமார் 350 கி.மீ. தூரத்தில் 695 பேரைக் கொன்றது.

காற்றின் வேகத்தில் மாத்திரம் சிறியது பெரியதை வெல்கிறது. ஹரிக்கேன் அளவுகோலின் உச்சியான ஐந்தாம் தரம் மணிக்கு 252 கி.மீ. வேகத்தில் தொடங்குகிறது. டொர்னாடோவின் உச்சத் தரம் தொடங்குவதே 322 கி.மீ.க்கு மேலே. 1999 மே 3 அன்று ஒக்லஹோமாவில் மூர் நகரை அடித்த டொர்னாடோவில், வண்டியில் கொண்டுபோன ரேடார் 480 கி.மீ.க்கும் மேலாக அளந்தது. பூமியில் அளந்த ஆகக் கூடிய காற்று வேகங்களில் அது ஒன்று.

இனி, நான் மிக முக்கியமானது என்று நினைக்கிற வேறுபாட்டுக்கு வருகிறேன். பாடப் புத்தகங்களில் அகலம், வேகம், நேரம் என்று அட்டவணை போடுவார்கள். இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். உயரத்துக்கு உயரம் காற்று திசையும் வேகமும் மாறினால் அது டொர்னாடோவை வளர்க்கும், சூறாவளியைக் கொல்லும். ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு நஞ்சு.

கார்த்திகை விளக்கீட்டுக்கு அம்மா திரி திரித்ததைப் பார்த்திருப்பீர்கள். கீழ் உள்ளங்கை ஒரு பக்கம், மேல் உள்ளங்கை மற்றப் பக்கம். நடுவில் பஞ்சு உருண்டு திரியாகும். நிலத்தருகே காற்று மெதுவாக ஒரு திசையிலும் சில கி.மீ. உயரத்தில் வேகமாக வேறு திசையிலும் ஓடினால், நடுவில் உள்ள காற்று அதே மாதிரிப் படுத்த வாக்கில் உருளத் தொடங்கும். இந்த உருளைக்குக் கீழேயிருந்து ஓர் இடிமேகத்தின் ஏறுகாற்று கிளம்பினால், உருளையின் நடுவைத் தூக்கி நிமிர்த்திவிடும். படுத்துச் சுழன்றது நின்று சுழலும். இப்படி முழு மேகமே சுழலும் இடிமேகத்தைத்தான் பெருங்கல இடிமேகம் என்கிறோம். கடுமையான டொர்னாடோக்கள் அதன் அடியிலிருந்துதான் இறங்குகின்றன. ஆனாலும் அப்படிச் சுழலும் மேகங்களில் பெரும்பாலானவை டொர்னாடோவை இறக்குவதில்லை.

சூறாவளிக்கு நேர்மாறு. அதன் உடம்பு நிமிர்ந்து நிற்கும் ஒரு வெப்பத் தூண். கீழே கடல், மேலே பதினைந்து கி.மீ. வரை மேகம், நடுவில் காற்று அடங்கிய 'கண்'. மேல் காற்று ஒரு பக்கமும் கீழ்க் காற்று ஒரு பக்கமும் இழுத்தால் தூண் சரிந்துவிடும். கடலிலிருந்து எடுத்த வெப்பம் நடுவில் சேராமல் பக்கவாட்டில் சிதறிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமான ஜூன் முதல் செப்டெம்பர் வரை, கடல் எவ்வளவு சூடாக இருந்தாலும், விரிகுடாவில் கடுமையான சூறாவளிகள் அரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கீழே மேற்குக் காற்று, மேலே மிக வேகமான கிழக்குக் காற்று. எங்கள் ஆபத்து ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை. இந்த இழுபறி அப்போது தளர்கிறது, கடலோ இன்னும் ஆறவில்லை.

சூறாவளிக்குக் கடலின் மேற்பரப்பு சுமார் 26.5 பாகை செல்சியசுக்குக் குறையாமல், சில பத்து மீற்றர் ஆழம் வரைக்கும் சூடாக இருக்க வேண்டும். பூமி சுழல்வதால் வரும் திருப்பு விசையும் வேண்டும். மத்திய கோட்டில் அந்த விசை இல்லை. வடக்கே போகப் போகக் கூடும். அகலக்கோட்டில் ஐந்து பாகைக்குள் சூறாவளி பிறப்பது மிக அரிது. 2001 டிசெம்பரில் சிங்கப்பூருக்கு அருகே 1.4 பாகையில் 'வாமெய்' பிறந்தது பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. திருகோணமலை எட்டரைப் பாகையில் இருக்கிறது. அதாவது, சூறாவளி பிறக்கக்கூடிய வட்டாரத்தின் தென் விளிம்பிலேயே நாங்கள் குடியிருக்கிறோம். பிறந்து நெடுநாள் ஆகுமுன் எங்கள் வாசலுக்கு வந்துவிடும், ஆயத்தத்துக்குக் கிடைக்கும் நாட்கள் ஒடிசாவுக்கோ பங்களாதேஷுக்கோ கிடைப்பதைவிடக் குறைவு. டொர்னாடோ இந்தத் திருப்பு விசையை நேரடியாகக் கணக்கெடுப்பதில்லை. அது அவ்வளவு சிறியது. வட அரைக்கோளத்தில் பெரும்பாலானவை இடஞ்சுழியாகச் சுற்றினாலும், வலஞ்சுழியாகச் சுற்றும் டொர்னாடோக்களும் இருக்கின்றன. வலஞ்சுழிச் சூறாவளி வட அரைக்கோளத்தில் கிடையவே கிடையாது.

இடஞ்சுழி என்பதை நீங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், தம்பி. ரேடியோவும் போனும் செத்த இரவில் அது உதவும். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். சூறாவளியின் நடு உங்கள் இடக்கைப் பக்கம், கொஞ்சம் முன்னால் இருக்கிறது. கிழக்கிலிருந்து வரும் சூறாவளி என்றால் முதலில் எங்களுக்கு அடிப்பது வடக்குக் காற்று. அந்த மாதங்களில் வாடை எப்படியும் அந்தப் பக்கத்தால்தான் வீசும் என்பதால் தொடக்கத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காற்று எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். வடக்கு, வடகிழக்கு, கிழக்கு என்று திரும்பினால் நடு உங்களுக்குத் தெற்கால் போகிறது. வடக்கு, வடமேற்கு, மேற்கு என்று திரும்பினால் வடக்கால் போகிறது. திரும்பாமல் கடுமை மாத்திரம் கூடிக்கொண்டே போய்ச் சட்டென்று அடங்கினால் கண் உங்கள் தலைக்கு மேலே. 30 முதல் 60 கி.மீ. வரை அகலமுள்ள கண் கடக்கச் சில வேளை ஒரு மணி நேரம்கூட எடுக்கும். நட்சத்திரமும் தெரியலாம். அப்போது வெளியே இறங்கக் கூடாது. அடுத்த காற்று தெற்கிலிருந்து, அறைந்தாற்போல வரும். வடக்குக் காற்றில் வேர் தளர்ந்த மரங்கள் அதில்தான் சாயும்.

கடல் எந்தக் கரையில் ஏறும் என்பதும் இதற்குள் இருக்கிறது. மேற்கு நோக்கி வரும் சூறாவளியின் வடக்குப் பக்கத்தில் காற்று கடலிலிருந்து தரைக்கு அடிக்கும். தெற்குப் பக்கத்தில் தரையிலிருந்து கடலுக்கு. நடு திருகோணமலை நகரத்தில் ஏறினால் கடல் நீர் உயர்வது நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் கூடுதலாக இருக்கும். 2020 டிசெம்பர் 2 இரவு 'புரெவி' மணிக்குச் சுமார் 85 கி.மீ. வேகத்தில் நகரத்துக்கு வடக்கே கரையேறியது. நகரத்தில் இருந்தவர்கள் "ஒன்றும் இல்லையே" என்றார்கள். அவர்கள் இருந்தது தெற்குப் பக்கம்.

1964ஐப் பற்றிச் சொல்லாமல் திருகோணமலையில் சூறாவளி பற்றிப் பேச முடியாது. தெற்கு அந்தமான் கடலில் தோன்றி டிசெம்பர் 22 அளவில் எங்களைக் கடந்தது. அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். சமையல்கட்டின் கிடுகு முதலில் போனது. பிறகு பின்வளவுத் தென்னை ஒவ்வொன்றாக விழும் சத்தத்தை இருட்டில் எண்ணிக்கொண்டு, அம்மியைச் சாத்திய கதவுக்குப் பின்னால் விடியும்வரை இருந்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் முடிந்த காற்று இல்லை அது. அதே சூறாவளி அடுத்துப் பாக்கு நீரிணைக்குள் போய், தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது. தனுஷ்கோடி இன்னும் மீளவில்லை, எங்கள் நகரம் எழும்பிவிட்டது. காற்றின் வேகம் மட்டும் இந்த வித்தியாசத்தைச் செய்யவில்லை. பாக்கு நீரிணையில் பத்துப் பதினைந்து மீற்றருக்கு மேல் ஆழமில்லாத இடங்களே அதிகம். காற்று தள்ளும் நீர் கீழே போக இடமில்லாமல் கரையில் ஏறும். திருகோணமலைத் துறைமுக வாயிலுக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. சிறிது தூரத்திலேயே ஆழம் நூற்றுக்கணக்கான மீற்றருக்குப் போகிறது. தள்ளப்படும் நீர் அடியால் திரும்பி ஓட வழி உண்டு. கப்பல்களுக்காகப் புகழ்பெற்ற அந்த ஆழம் கரையிலிருப்பவர்களையும் காக்கிறது. இதை நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது, அலை அலைதான். இன்னொரு விசயம், 2000ஆம் ஆண்டுச் சூறாவளி திருகோணமலையருகே கரையேறியது டிசெம்பர் 26 அன்று. நான்கு வருடம் கழித்து அதே நாளில் சுனாமி. எங்கள் ஆட்கள் இரண்டையும் ஒரே நினைவாகக் குழப்பிக் கதைப்பதில் ஆச்சரியம் இல்லை.

எது கூடக் கொல்லும் என்று கேட்டால், வங்காள விரிகுடாவின் தலைமாட்டைப் பாருங்கள். உலகில் அதிகம் பேரைக் கொன்ற சூறாவளியும் அதிகம் பேரைக் கொன்ற டொர்னாடோவும் ஒரே மண்ணில் நடந்தவை. 1970 நவம்பரில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் போலாச் சூறாவளி 3 இலட்சத்துக்கும் குறையாத உயிரைக் கொண்டுபோனது. பெரும்பாலும் கடல் ஏறித்தான். 1989 ஏப்ரல் 26 அன்று பங்களாதேஷின் டௌலத்பூர், சாட்டூரியாப் பகுதியில் டொர்னாடோ சுமார் 1,300 பேரைக் கொன்றது. காற்று வேகத்தில் டொர்னாடோ பெரிது, ஆனால் சூறாவளி கடலையும் மழையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. 2025 நவம்பர் கடைசியில் 'டிட்வா' எங்கள் நாட்டில் 600க்கு மேற்பட்டோரைக் கொன்றதும் காற்றால் அல்ல. மலைநாட்டில் மண்சரிவு, மற்ற இடங்களில் வெள்ளம். மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் தண்ணீர் ஏறியபோது அங்கே காற்றுப் பெரிதாக இல்லை.

சூறாவளியின் வயிற்றிலேயே டொர்னாடோ பிறப்பதும் உண்டு. 2004இல் அமெரிக்காவை அடித்த ஐவன் ஹரிக்கேன் மூன்று நாளில் நூறுக்கு மேற்பட்ட டொர்னாடோக்களை இறக்கியது. கரையேறும்போது நிலத்தருகே காற்று உராய்ந்து மெதுவாகி மேலே வேகம் குறையாமல் ஓடும். திரி திரிக்கும் அந்த வேலை அங்கே நடந்துவிடுகிறது. இவை சிறியவை, குறுகிய நேரத்தவை. உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு மிகக் கிட்ட வருவது இதுதான். இருந்தாலும் பெரியது சிறுத்து இப்படி ஆவதில்லை. பெரியதற்குள் இருக்கும் இடிமேகங்கள் தனியாகப் பெறுகின்றன.

சரி, தம்பலகாமத்தில் வந்தது எது? இரண்டு பேர் மேல் சந்தேகம் இருக்கிறது. டொர்னாடோ ஒருவர். மற்றவர் உங்களுக்குப் பெயர் தெரியாதவர், ஆனால் 'மினி சூறாவளி' என்று செய்தியில் வருபவற்றில் பெரும்பாலும் குற்றவாளி அவர்தான் என்பது என் கணிப்பு. இறங்குகாற்று வெடிப்பு. இடிமேகத்துக்குள் மழையாலும் ஆலங்கட்டியாலும் குளிர்ந்து கனத்த காற்று மொத்தமாகக் கீழே விழும். ஒரு வாளித் தண்ணீரைச் சீமெந்து முற்றத்தில் ஒரேயடியாக ஊற்றினால் எல்லாப் பக்கமும் விசிறி அடிக்குமே, அப்படி நிலத்தில் பட்டு விசிறும். சுழற்சி இல்லை. வேகம் மணிக்கு 150 கி.மீ.க்கு மேலும் போகலாம்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் பிறந்து சிக்காகோவில் பேராசிரியரான ஃபுஜிட்டா. டொர்னாடோவுக்குத் தரம் பிரிக்கும் அளவுகோலை 1971இல் தந்தவரும் அவரே. 1945இல் அணுகுண்டு விழுந்த பிறகு நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய் ஆராய்ந்தவர் அவர். குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே மரங்கள் நின்றன, சுற்றிவர உள்ளவை வெளிப்பக்கமாக நட்சத்திரக் கதிர் போலக் கிடந்தன. பல வருடம் கழித்து அமெரிக்காவில் டொர்னாடோச் சேதத்தை விமானத்திலிருந்து பார்த்தபோது, சில காடுகளில் மரங்கள் அதே கதிர் வடிவில் கிடந்ததைக் கண்டார். டொர்னாடோ அப்படிச் சாய்க்காது. 1975 ஜூன் 24 அன்று நியூயோர்க்கில் தரையிறங்க வந்த விமானம் ஒன்று இடிமழைக்குள் விழுந்ததை ஆராய்ந்து, கீழே விழும் காற்றுத்தான் காரணம் என்று சொன்னார். அப்போது பலர் ஏற்கவில்லை. பின்னால் ரேடார் அதைக் காட்டியது. இன்று விமான நிலையங்களில் அதற்கென்றே எச்சரிக்கை ஏற்பாடு இருக்கிறது.

நானும் மரத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். சில வருடங்களுக்கு முன் கந்தளாய்ப் பக்கம் இப்படி ஒரு காற்று அடித்த மறுநாள் ஒரு மாணவன் கூட்டிப்போய்க் காட்டினான். முருங்கை, பப்பாசி, பெரிய வேம்பு, பாடசாலை வேலிக் கம்பங்கள், எல்லாமே தென்கிழக்குப் பக்கம் தலைவைத்துக் கிடந்தன. அரை கி.மீ. நடந்தோம், திசை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டு போனது, ஆனால் ஒன்றுகூட எதிர்ப்பக்கம் பார்த்து விழவில்லை. அது இறங்குகாற்று. இன்னொரு தடவை, வேறு ஊரில், ஒரே வரிசையில் எட்டுத் தென்னை. முதல் மூன்று கிழக்கே விழுந்திருந்தன, கடைசி மூன்று மேற்கே. நடுவில் நின்ற இரண்டும் விழவில்லை. தலை திருகிப் பிய்ந்து, நார் வெளியே தெரிய நின்றன. ஒரு கூரைத்தகடு கமுகமரத்தில் ஈரத்துணி மாதிரிச் சுற்றிக் கிடந்தது. இருபதடி தள்ளிக் கோழிக்கூடு அப்படியே இருந்தது, தண்ணீர்ச் சட்டிகூடக் கவிழவில்லை. அது சிறிய டொர்னாடோ என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்.

அடுத்த ஒழுங்கையில் வாழை சாயவில்லை என்ற உங்கள் வரி அதனால்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அவ்வளவு கூரான எல்லை டொர்னாடோவின் அடையாளம். ஆனால் அது ஒன்றே போதாது. சிறிய இறங்குகாற்றும் சில நூறு மீற்றரில் முடிந்துவிடலாம்.

கடலில் இறங்கும் டொர்னாடோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோணேசர் மலையில் நின்றால் சில காலைகளில் தூரத்தில் மேகத்திலிருந்து கடலுக்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒன்று தொங்கும். மேகம் கடலைக் குடிக்கிறது என்று சொல்வார்கள். உண்மையில் அந்தத் தும்பிக்கையில் தெரிவது பெரும்பாலும் கடல் நீர் இல்லை. அமுக்கம் குறைந்து காற்றில் இருந்த ஈரமே துளியாகித் தெரிகிறது. கடல் நீர் தெறிப்பது அடியில் கொஞ்ச உயரத்துக்குத்தான். இவற்றில் பல, சுழலும் இடிமேகம் எதுவுமில்லாமல், வளரும் சாதாரண மேகத்தின் கீழே வருபவை, பலம் குறைந்தவை. வள்ளத்தைக் கவிழ்க்க அந்தப் பலம் போதும் என்பதால், தும்பிக்கை இடமோ வலமோ நகராமல் அதே இடத்தில் பெருத்துக்கொண்டு தெரிந்தால் அது உங்களை நோக்கித்தான் வருகிறது, குறுக்காக விலகி ஓடுங்கள். ஓகஸ்டில் கச்சான் காற்று வீசும் வெயிலில் விளையாட்டு மைதானத்தில் புழுதியைச் சுழற்றும் காற்று இதில் எதிலும் சேராது. அதற்கு மேகமே தேவையில்லை, சூடான நிலம் போதும்.

செய்ய வேண்டியதும் இரண்டுக்கும் வேறு. சூறாவளிக்கு நாட்கள் இருக்கும். கடலோரமும் ஆற்றோரமும் விட்டுப் போவதுதான் முதல் வேலை, கூரையைக் கட்டுவது இரண்டாவது. மினி சூறாவளிக்கு நிமிடங்கள்தான். கிராமம் கிராமமாக அதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. டொர்னாடோவுக்கென்று ரேடார் வலையே விரித்திருக்கும் அமெரிக்காவில்கூட எச்சரிக்கைக்கும் காற்று அடிப்பதற்கும் இடையில் சராசரியாகப் பத்து நிமிடம் அளவுதான். ஆகவே மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் மேற்கு வானம் கறுத்து, புழுக்கத்துக்குள் திடீரென்று குளிர்காற்று முகத்தில் பட்டால், வாசலில் நின்று படம் பிடிக்காதீர்கள். மரத்தடியும் தகரக் கொட்டிலும் வேண்டாம். கொங்கிறீற்றுத் தட்டுக் கூரை உள்ள அறை இருந்தால் அங்கே. இல்லையென்றால் வீட்டின் நடுவில் ஆகச் சிறிய அறைக்குள். அமுக்கம் சமப்படட்டும் என்று சன்னலைத் திறந்துவிடச் சொல்லும் பழைய அறிவுரை பிழை. உள்ளே புகுந்த காற்றுத்தான் கூரையை அடியால் தூக்குகிறது. காற்று வரும் பக்கத்துக் கதவு ஒன்று திறந்து கிடந்தாலே கூரைக்கு மேலிருந்து இழுவை, கீழிருந்து உந்தல் இரண்டும் கிடைத்துவிடும். எல்லாவற்றையும் சாத்துங்கள்.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன், தம்பி. விழுந்த மரங்களை விறகுக்கு வெட்டத் தொடங்கியிருப்பார்கள். அதற்கு முன், போனில் திசைகாட்டி இருக்கிறதல்லவா, ஒவ்வொரு மரமும் எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடக்கிறது என்று ஒரு கொப்பித் தாளில் குறியுங்கள். வீடுகளை மேலிருந்து பார்ப்பதுபோலக் கட்டம் கட்டமாக வரைந்து, கூரைத்தகடு எங்கிருந்து எங்கே போய்க் கிடந்தது என்றும் கேட்டு எழுதுங்கள். பத்து மரம் போதும். தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள், இது எது என்று இரண்டு பேருமாகப் பார்ப்போம்.